லைசென்ஸ் இருக்கா தம்பி?



போன வாரம் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி எழுதினதுல இருந்து மெஸ் அண்ணன் எனக்கு மட்டும் கரண்டியைச் சாய்ச்சே ஊத்துறார். அதனால இந்த வாரம் யார் வம்பும் வேண்டாம்னு மீனைப் பத்தி எழுதலாம்னு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிஞ்சுது... நம்ம ஊர்ல மீனைவிட வம்பான சப்ஜெக்ட் கிடையவே கிடையாது!

கதை இப்படி ஆரம்பிச்சுது. இன்டர்ன்ஷிப்ல வந்த முதல் காசுல ஆன்லைன்ல ஒரு தூண்டில் வாங்கினேன். மூங்கில் குச்சி இல்லை பாஸ், ரீல், கைப்பிடி எல்லாம் வெச்ச ராடு. வீட்ல அம்மா "குழம்பு வைக்கக் காசு கொடுத்தா மார்க்கெட்லயே மீன் தருவாங்களேடா"ன்னு கேட்டதைக் கண்டுக்கவே இல்லை. ஞாயித்துக்கிழமை விடியக்காலை அஞ்சரை மணிக்கு பீச் ரோட்ல, கருங்கல் பாறை மேல ஏறி நின்னு, ஸ்டைலா வீசினேன். நூல் பாறையில மாட்டிக்கிச்சு. ரெண்டாவது தடவையும் அதே பாறை.

மூணாவது தடவை வீசப் போறப்ப பின்னாடி ஒரு குரல். வாக்கிங் வந்த பெரியவர். கேன்வாஸ் ஷூ, மஃப்ளர், கையில குச்சி.

"லைசென்ஸ் இருக்கா தம்பி?"

எனக்கு வியர்த்துடுச்சு. பைக்குக்கே இப்பதான் லைசென்ஸ் எடுத்தேன், தூண்டிலுக்குமா? "இதுக்கெல்லாமா சார்?"ன்னு இழுத்தேன். "என் பையன் டெக்ஸாஸ்ல இருக்கான். அங்க லைசென்ஸ் இல்லாம தூண்டில் போட்டா ஃபைன்"னு சொல்லிட்டு, அவர் பாட்டுக்கு காந்தி சிலைப் பக்கம் நடந்து போயிட்டார். நான் ராடை மடிச்சுக்கிட்டு வீட்டுக்கு ஓடி வந்துட்டேன்.

வந்து தேடினா அவர் சொன்னது நூத்துக்கு நூறு நிஜம். அமெரிக்காவுல ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியா மீன்பிடி லைசென்ஸ் கொடுக்குது. அது ஆளுக்குக் கொடுக்கிற லைசென்ஸ். ஜாலிக்குப் போய் தூண்டில் போட்டாலும் வேணும். யார் யாருக்கு வேண்டாம்னு ஒரு விலக்கு லிஸ்ட்டும் இருக்கு, படிச்சா சுவாரசியமா இருக்கு. டெக்ஸாஸ்ல 17 வயசுக்குக் கீழே இருந்தா வேண்டாம். 1931 ஜனவரி 1-க்கு முன்னாடி பிறந்திருந்தாலும் வேண்டாம். கலிஃபோர்னியாவுல பொதுப் பாலத்துல நின்னு கடல்ல தூண்டில் போட்டா லைசென்ஸ் தேவையில்லை, அதே ஆள் பாலத்தை விட்டு இறங்கி மணல்ல நின்னு போட்டா தேவை! (நம்ம ஊர்லயும் கடலுக்குள்ள போற ஒரு பழைய பாலம் இருந்துச்சு. 2022 மார்ச்சில் அதுல ஒரு பகுதி இடிஞ்சு கடலுக்குள்ள போயிடுச்சு. அதனால அந்த விலக்கு நமக்குச் செல்லாது.)

பாண்டிக்காரன் அமெரிக்காவோட நிறுத்தினா எப்படி? பிரான்ஸையும் பார்த்துடுவோமேன்னு எங்க தெருவுல இருக்கிற சொல்தா தாத்தாகிட்ட கேட்டேன். பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்குறவங்களை இங்க சொல்தான்னுதானே சொல்லுவோம். அவர் சொன்னது: அங்க ஆறு, ஏரின்னா 'கார்த் த பெஷ்'னு ஒரு அட்டை வாங்கணும். கடல்ல பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட அந்த அட்டை வேண்டாம். ஆனா பிடிச்ச மீனை விக்கக் கூடாது. விக்காம இருக்கிறதுக்கு என்ன பண்ணியிருக்காங்க தெரியுமா? 2011-ல இருந்து சில வகை மீன்களைப் பிடிச்ச உடனே வாலோட கீழ்ப்பாதியை வெட்டிடணும். வெட்டுப்பட்ட வாலோட மார்க்கெட்டுக்கு வந்தா, அது பொழுதுபோக்கு மீன்னு பார்த்த உடனே தெரிஞ்சிடும். செம ஐடியால்ல? நம்ம ஊர் மீன்காரம்மாகிட்ட இதைச் சொன்னா, வாலையே வெட்டிட்டு வித்துடுவாங்க!

சரி, பாண்டிக்கு என்ன ரூல்? கூகுள்ல அடிச்சா மறுபடியும் டெக்ஸாஸ்தான் வருது. அப்பதான் என் கிளாஸ்ல கடைசி பெஞ்ச் நண்பன் ஞாபகத்துக்கு வந்தான். ஊருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் அவன் ஊர். அப்பா ஃபைபர் படகுல தொழிலுக்குப் போறவர். மதியம் அவனோட தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். அப்பா வலையில ஓட்டை தச்சுக்கிட்டு இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிச்சார் பாருங்க... பக்கத்துல வலை பிரிச்சுக்கிட்டு இருந்த நாலு பேரும் சேர்ந்து சிரிச்சாங்க.

"உனக்கு எதுக்குப்பா லைசென்ஸு? இங்க லைசென்ஸு படகுக்கு. ஆளுக்கு இல்ல."

மக்களே, இந்த ஒரு வரிதான் மேட்டர். அமெரிக்காவுல சட்டம் மனுஷனைப் பார்த்துக் கேள்வி கேட்குது. நம்ம கடல்ல சட்டம் படகைப் பார்த்துக் கேள்வி கேட்குது. ஏன்னு தேடிப் போனா கொஞ்சம் ஹிஸ்டரி கிளாஸ் எடுக்கணும், தூங்காம கேளுங்க.

நம்ம அரசியல் சட்டப்படி மீன்வளம் மாநிலத்தோட சமாச்சாரம். ஆனா ஆட்சிக் கடலுக்கு வெளியே நடக்கிற மீன்பிடிப்பு மத்திய அரசோடது. ஆட்சிக் கடல்னா கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர். 1976-ல வந்த கடல் எல்லைச் சட்டம் அதையும், அதுக்கு அப்பால் 200 கடல் மைல் வரைக்குமான பொருளாதார மண்டலத்தையும் கோடு போட்டுச்சு. எழுபதுகள்ல விசைப்படகுகள் இழுவலையோட பெருகினப்ப, கட்டுமரக்காரங்களுக்கும் அவங்களுக்கும் கடல்லயே அடிதடி. வலை அறுபட்டுச்சு, படகு எரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் 1979-ல மத்திய அரசு ஒரு மாதிரி மசோதாவை மாநிலங்களுக்கு அனுப்புச்சு. 1983-ல தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்துச்சு. புதுச்சேரிக்குன்னு தனியா ஒரு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது 2008-லதான்.

தமிழ்நாட்டுச் சட்டத்தை லைப்ரரியில உட்கார்ந்து படிச்சேன். (என்னோட கோர் சப்ஜெக்ட் புக்கைக்கூட இப்படிப் படிச்சதில்லை.) அதுல 'மீன்பிடிக் கலம்'னா என்னன்னு ஒரு விளக்கம் இருக்கு. எஞ்சின் இருந்தாலும் இல்லாட்டியும், லாபத்துக்காகக் கடல்ல மீன் பிடிக்கிற கலம். கட்டுமரம், நாட்டுப்படகு, தோணி எல்லாமே இதுல அடக்கம். பாறை மேல நிக்கிற நானும் என் ராடும் அந்த விளக்கத்துல எங்கயும் இல்லை. பெரியவர்கிட்ட சொல்லணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

அதே சட்டத்துல, மீன்பிடிப்பை எதுக்காக அரசு கட்டுப்படுத்தலாம்னு காரணங்களும் சொல்லியிருக்காங்க. கட்டுமரம், நாட்டுப்படகு மாதிரி பாரம்பரியக் கலங்கள்ல போறவங்களோட நலனைக் காப்பாத்துறது. மீன் வளத்தைக் காப்பாத்துறது. அப்புறம், கடல்ல சட்டம் ஒழுங்கைக் காப்பாத்துறது! மீன்பிடிச் சட்டத்துல எதுக்குய்யா சட்டம் ஒழுங்குன்னு முதல்ல எனக்குப் புரியலை. பின்னாடி புரிஞ்சுது, சொல்றேன்.

முதல்ல காகித விஷயம். படகுக்கு ரெண்டு காகிதம் வேணும். ஒண்ணு பதிவு, இன்னொண்ணு மீன்பிடி லைசென்ஸ். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஆட்டோவுக்கு ஆர்.சி. புக் வேற, பெர்மிட் வேற இல்லையா? அதே மாதிரிதான். பதிவுங்கிறது 'இந்தப் படகு இன்னாரோடது, இவ்வளவு நீளம், இந்த எஞ்சின்'னு சொல்ற பிறப்புச் சான்றிதழ். லைசென்ஸ்ங்கிறது 'இந்தப் படகு, இந்த வலையோட, இந்தக் கடல்ல தொழில் பண்ணலாம்'னு கொடுக்கிற அனுமதி. அதைக் காலாகாலத்துல புதுப்பிக்கணும். மீன்வளத்துறையில கொடுப்பாங்க. இப்ப 'ரியல்கிராஃப்ட்'னு ஆன்லைன்லயே விண்ணப்பிக்கிற வசதியும் வந்துடுச்சு.

அடுத்த தடவை துறைமுகம் போனா படகோட பக்கவாட்டுல பெயின்ட்ல எழுதியிருக்கிற நம்பரைப் பாருங்க. ஐ.என்.டி.ன்னா இந்தியா. பி.ஒய்.ன்னா புதுச்சேரி. எம்.எம்.னு இருந்தா விசைப்படகு, எம்.ஓ.ன்னு இருந்தா மோட்டார் பொருத்தின சின்னப் படகு. கடைசியில வரிசை எண். இலங்கைக் கடற்படை பிடிச்ச படகுன்னு செய்தியில வருமே ஒரு நீளமான நம்பர், அது இதுதான். 2008 மும்பைத் தாக்குதலுக்கு ஆளுங்க கடல் வழியா மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தாங்க. அதுக்கப்புறம் இந்த நம்பர், மீனவர்களுக்கான பயோமெட்ரிக் அடையாள அட்டை எல்லாத்துலயும் கெடுபிடி ஜாஸ்தி ஆயிடுச்சு. கவனிங்க, அட்டை ஆளுக்கு இருக்கு. ஆனா அது 'நீ யாரு'ன்னு கேட்கிற அட்டை. 'நீ மீன் பிடிக்கலாமா'ன்னு கேட்கிறது இல்லை.

"காகிதம் இல்லைன்னா என்ன ஆகும்ப்பா?"ன்னு நண்பனோட அப்பாகிட்ட கேட்டேன். அவர் சிரிப்பு நின்னுடுச்சு. பேச்சை நண்பன் எடுத்துக்கிட்டான்.

அவங்க படகு புதுசா வாங்கினது இல்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர்கிட்ட இருந்து கை மாத்தி வாங்கினது. காசு கைக்குக் கை கொடுத்தாச்சு, ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேர் சாட்சி, வெத்தலை பாக்கு மாத்திக்கிட்டாச்சு. கடல்ல அவ்வளவுதான் வியாபாரம். ஆனா படகோட பதிவு பழைய ஓனர் பேர்லயே இருந்துச்சு. "அப்புறம் மாத்திக்கலாம்"னு ஒரு சீசன் போச்சு, ரெண்டு சீசன் போச்சு.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் நினைவிருக்கா? நம்ம ஊர் பக்கத்துலதான் கரையைக் கடந்துச்சு. ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை. நாமெல்லாம் ஹாஸ்டல்ல கரன்ட் இல்லைன்னு ஸ்டேட்டஸ் போட்டுக்கிட்டு இருந்தப்ப, இவங்க படகு கரையில கட்டியிருந்த இடத்துல இருந்து பிச்சுக்கிட்டுப் போய் இன்னொரு படகு மேல மோதி, முன் பக்கம் ரெண்டா பிளந்துடுச்சு. எஞ்சின்ல மண்ணு.

சேதக் கணக்கு எடுக்க வந்தவங்க முதல்ல கேட்டது பதிவுப் புத்தகம். புத்தகத்துல இருந்தது பழைய ஓனர் பேர். படகு இவங்களோடதுன்னு அந்தக் கடற்கரைக்கே தெரியும், ஆனா கடற்கரை கையெழுத்துப் போட முடியாதே! வந்தவங்க மேல தப்பு சொல்ல முடியாதுன்னு அப்பாவே சொல்றார். காகிதத்துல இருக்கிற பேருக்குத்தானே அவங்க எழுத முடியும்? கடைசியில நிவாரணக் கணக்குல இவங்க படகு வரவே இல்லை. நண்பன் அந்த செமஸ்டர் ஃபீஸை அத்தை கம்மலை அடகு வெச்சுக் கட்டினான். இதை அவன் எங்கிட்ட சொன்னது இந்தக் கட்டுரைக்காகப் போனப்பதான். ரெண்டு வருஷமா ஒரே பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கோம்!

டீசல் கதையும் இதேதான். மீன்பிடிப் படகுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் கிடைக்கணும்னா, பதிவு, லைசென்ஸ் ரெண்டும் உயிரோட இருக்கணும். இன்ஷூரன்ஸ்னாலும் அப்படித்தான். அதனால நம்ம ஊர்ல லைசென்ஸ் இல்லைன்னா வர்ற நஷ்டத்துல ஃபைன் சின்னது. படகு இருந்தும் இல்லாத மாதிரி ஆகிடுறதுதான் பெருசு.

இப்ப விலக்குக்கு வருவோம். டெக்ஸாஸ் மாதிரி நம்மகிட்ட 1931-ல பிறந்த தாத்தா விலக்கு எல்லாம் இல்லை. நம்ம விலக்கும் படகைப் பார்த்துத்தான். இன்னும் கரெக்டா சொன்னா எஞ்சினைப் பார்த்து.

வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கம் பண்ற நேரம். முன்னாடி இது 45 நாளா இருந்துச்சு. நம்ம ஊர் உத்தரவுல வடக்கே கனகசெட்டிக்குளத்துல இருந்து தெற்கே மூர்த்திக்குப்பம் புதுக்குப்பம் வரைன்னு எல்லை சொல்லுவாங்க. காரைக்காலுக்கும் ஏனாமுக்கும் அதே தேதிதான். மாஹே மட்டும் கேரளாப் பக்கம் அரபிக்கடல்ல இருக்கிறதால ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன நாலு துண்டுல ஒரு துண்டுக்கு வேற கடல், வேற காலண்டர்! ஜூன் முதல் ரெண்டு வாரம் மட்டும் எல்லா துண்டும் சேர்ந்து லீவு.

இந்த 61 நாள்ல யாருக்கு விலக்கு? மத்திய அரசு உத்தரவுல 'எஞ்சின் இல்லாத பாரம்பரியக் கலங்களுக்கு'ன்னு இருக்கு. நம்ம உத்தரவுல 'கட்டுமரம், நாட்டுப்படகு தவிர'ன்னு வரும். படிக்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். கரையில நின்னு யோசிச்சுப் பாருங்க. துடுப்பு போடுற கட்டுமரம் இப்ப எத்தனை இருக்கு? 'கேட்டமரான்'னு இங்கிலீஷுக்கே வார்த்தை கொடுத்த கட்டுமரத்தை, நம்ம கரையில எண்ணிப் பார்த்துதான் சொல்லணும். மத்ததெல்லாம் ஃபைபர் படகு, பின்னாடி வால் மாதிரி தொங்குற மோட்டார். இது நாட்டுப்படகா, மோட்டார் படகா? தொழில் பண்றவருக்கு இது அப்பா காலத்துக் கட்டுமரத்தோட வாரிசு. காகிதத்துக்கு இது எஞ்சின் வெச்ச கலம். தமிழ்நாட்டுப் பக்கம் தடை உத்தரவு விசைப்படகு, இழுவலைப் படகுகளைத்தான் குறி வைக்கிறதால, சின்ன மோட்டார் படகுங்க கரையோரமா போய் வருது. ஈசிஆர்ல பஸ்ல போனா கோட்டக்குப்பம் தமிழ்நாடு, பொம்மையார்பாளையம் தமிழ்நாடு, காலாப்பட்டு புதுச்சேரின்னு மாறி மாறி வரும்ல... கடல்லயும் அதே கோடுதான். தண்ணில கோடு யாருக்குத் தெரியுது?

"எங்களுக்கு விலக்கு கொடுக்கிறது நல்லதுதான். ஆனா விசைப்படகுல கூலிக்குப் போறவனுக்கு ரெண்டு மாசம் வேலை கிடையாது. அவனும் மீனவன்தானே"ன்னார் நண்பனோட அப்பா. அவங்களுக்குத்தான் தடைக்கால நிவாரணம்னு அரசு ஒரு தொகை கொடுக்குது. ஒரு குடும்பம் 61 நாள் அதுல ஓட்டணும். நம்ம ஹாஸ்டல் மெஸ் பில்லோட ஒப்பிட்டுப் பார்க்கலாம்னு நினைச்சேன், வேண்டாம்னு விட்டுட்டேன்.

கடலுக்கு இன்னும் உள்ளே போனா இன்னொரு லைசென்ஸ், இன்னொரு விலக்கு. 12 கடல் மைலுக்கு அப்பால் இருக்கிற பொருளாதார மண்டலத்துக்கு மத்திய அரசு 2025 நவம்பரில் புது விதிகள் கொண்டு வந்துச்சு. விசைப்படகுகளும் பெரிய மோட்டார் படகுகளும் அங்கே மீன் பிடிக்க 'அக்சஸ் பாஸ்' எடுக்கணும். கட்டணம் இல்லை. ஆன்லைன்லதான் விண்ணப்பம், மேலே சொன்ன அதே ரியல்கிராஃப்ட் வழியா. பாரம்பரிய, சிறு மீனவர்களோட படகுகளுக்கு, மோட்டார் இருந்தாலும் இல்லாட்டியும், பாஸ் தேவையில்லை. பார்த்தீங்களா? தடைக்காலத்துல மோட்டார் இருக்கா இல்லையான்னு கேட்டாங்க. இங்கே படகு பெருசா சின்னதான்னு கேட்கிறாங்க. ஒரே ஃபைபர் படகு ஒரு விதியில சந்தேகக் கேஸ், இன்னொரு விதியில சுத்தமா விலக்கு. நண்பனோட அப்பா இதைக் கேட்டுட்டு, "அவ்வளவு தூரம் போயிட்டு வர்ற டீசலுக்கு யாருப்பா விலக்கு கொடுப்பா?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியலை.

சட்டம் ஒழுங்கு மேட்டருக்கு வர்றேன்னு சொன்னேன்ல? லைசென்ஸ்ல விலக்கு இருக்கிறதால வலையிலயும் விலக்குன்னு அர்த்தம் இல்லை. சுருக்குமடி வலை கேள்விப்பட்டிருப்பீங்க. மீன் கூட்டத்தைச் சுத்தி வளைச்சு, அடியில கயித்தை இழுத்துப் பை மாதிரி சுருக்கிடுவாங்க. ஒரு கூட்டம் மொத்தமா மாட்டிக்கும். தமிழ்நாடு 2000-ல இதைத் தடை பண்ணுச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஜனவரியில் ஒரு இடைக்கால உத்தரவு வந்துச்சு. 12 கடல் மைலுக்கு அப்பால், பதிவு பண்ணின படகுங்க மட்டும், வாரத்துல திங்கள், வியாழன் ரெண்டு நாள், காலை எட்டு மணிக்குப் போய் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள திரும்பணும்னு நிபந்தனை.

நம்ம ஊர்ல இந்த வலையை வெச்சு நடந்தது கோர்ட்டுக்கு வெளியே. 2021 ஆகஸ்ட்ல நல்லவாடு, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு நடுவுல சுருக்குமடித் தகராறு முத்தி, ஆயுதங்களோட கடல்லயும் கரையிலயும் திரண்டுட்டாங்க. போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டுத்தான் கலைச்சது. நாம பத்து ரூபாய்க்கு வாங்குற நெத்திலி கருவாடுக்குப் பின்னாடி துப்பாக்கிச் சத்தம் இருக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது. சட்டத்துல அந்த வரியை எழுதினவங்க எழுபதுகளோட அடிதடியைப் பார்த்துட்டுத்தான் எழுதியிருக்காங்க. கடல்ல போலீஸ் ஸ்டேஷன் இல்லை. அரசு லைசென்ஸுக்கு முன்னாடியே அங்கே ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்கு. எந்த வலை, எந்த நாள், துக்கம் நடந்தா எத்தனை நாள் தொழில் நிறுத்தம்னு ஊர் கூடிப் பேசி முடிவெடுப்பாங்க. அதை மீறினா வர்ற அபராதத்துக்கு அப்பீலே கிடையாது.

அப்புறம், எந்த லைசென்ஸ் வெச்சிருந்தாலும் தொடக் கூடாத சில ஜீவன்கள் உண்டு. கடல் ஆமை, டால்பின், 2001-ல இருந்து திமிங்கலச் சுறா, கடல் அட்டை... எல்லாம் வனவிலங்குச் சட்டத்துல புலியோட சமமா உட்கார்ந்திருக்கு. வெடி போட்டு, விஷம் கலந்து மீன் பிடிக்கிறதை வெள்ளைக்காரன் 1897 மீன்வளச் சட்டத்துலயே தடுத்துட்டான். அப்ப நாம பிரெஞ்சுக்காரன் கையில இருந்தோம், அது வேற கதை.

ராடு வாங்கி வெச்சிருக்கிற என்னை மாதிரி ஆளுங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கடலோரப் பாறையில கிடைச்ச தைரியத்துல ஏரிக்குப் போயிடாதீங்க. ஏரி, குளத்துல மீன் பிடிக்கிற உரிமை பெரும்பாலும் ஏலத்துல போகும். மீன்பாசி குத்தகைன்னு சொல்லுவாங்க. குத்தகை எடுத்தவர் கரையில கட்டில் போட்டுப் படுத்திருப்பார், கையில டார்ச்சோட. ஊசுட்டேரி இன்னும் டேஞ்சர். நம்ம அரசு 2008-ல அதைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சுது, ஏரியோட தமிழ்நாட்டுப் பக்கத்தை அப்புறமா அவங்க அறிவிச்சாங்க. அங்கே தூண்டிலோட நின்னா வனத்துறைதான் வரும். ஆளுக்கு லைசென்ஸ்ங்கிற வழக்கத்தை நம்ம நாட்டுல பார்க்கணும்னா மலைக்குப் போகணும். ஹிமாச்சல்ல டிரவுட் மீனுக்குத் தூண்டில் போட லைசென்ஸ் எடுக்கணும். நீலகிரியில 1879-லேயே வேட்டைக்கும் மீனுக்கும் சேர்த்து ஒரு சட்டம் போட்டாங்க. துரைமார்கள் பொழுதுபோக்குன்னா மட்டும் சட்டம் சீக்கிரம் வந்துடும்போல!

நண்பன் மேட்டர் என்னாச்சுன்னு கேட்பீங்களே? போன மாசம் பழைய ஓனரை ஒரு வழியா கையோட கூட்டிட்டு வந்து, கையெழுத்து வாங்கி, பேர் மாத்த விண்ணப்பம் போட்டாச்சு. அந்த ஆன்லைன் படிவத்தை நிரப்பினது நானும் நண்பனும்தான். எஞ்சின் நம்பர் கேட்டுச்சு. பில் புயல்ல போயிடுச்சு. படகுக்குப் போய், எஞ்சினைத் திருப்பி, துருவைச் சுரண்டி, செல்போன் லைட்ல ஒவ்வொரு எண்ணா படிச்சு எழுதினோம். தெர்மல் லேப்ல எத்தனையோ எஞ்சினைப் பார்த்திருக்கேன், ஒண்ணுக்காவது நம்பர் இருக்கும்னு அதுவரைக்கும் தோணினதே இல்லை. பேர் மாறி வந்ததும் லைசென்ஸைப் புதுப்பிக்கணும். தடைக்காலம் முடியறதுக்குள்ள வந்துடும்னு அப்பா நம்பிக்கையா இருக்கார். அதுக்குன்னு ஒரு ஜிப் வெச்ச பிளாஸ்டிக் கவர்கூட வாங்கி, வீட்ல சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சிருக்கார். காலியா இருக்கு.

போன ஞாயித்துக்கிழமை மறுபடி ராடோட அதே பாறை மேல நின்னேன். அதே பெரியவர், அதே மஃப்ளர்.

"என்ன தம்பி, லைசென்ஸ் வாங்கியாச்சா?"

நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, "என்கிட்ட படகு இல்லை சார். அதனால லைசென்ஸ் தேவையில்லை"ன்னு 1979 மாதிரி மசோதாவுல இருந்து ஆரம்பிச்சு பத்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையா கேட்டார். எல்லாம் கேட்டுட்டு என் பக்கெட்டை எட்டிப் பார்த்தார்.

"அப்ப மீனு?"

"அதுவும் இல்லை சார்."